வரைபடத்தில் இருக்கு, வயலில் இல்லை

கார் நடவு முடிஞ்சு ரெண்டாம் நாள், சாரலுக்குத் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி மகன் வந்து நின்னான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை சும்மாதான இருப்பீங்க? தென்காசியில ஒரு சைக்கிள் போட்டி. ரெண்டு பேரு ஒரு அணி. எனக்கு ஜோடியா வர்ற பயலுக்குக் காய்ச்சல். நீங்க வாங்க."

"ஏலே, எனக்கு அம்பத்தெட்டு வயசு. கிண்டலா பண்ணுத?"

"வேகமாப் போற போட்டி இல்ல மாமா. வழி கண்டுபிடிக்கிற போட்டி. இந்தப் பக்கத்துல உங்களுக்குத் தெரியாத பாதையா?"

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் ஒத்துக்கிட்டேன். பொறந்து வளர்ந்த ஊரு. எந்த மடையில எப்பத் தண்ணி வரும், எந்தக் கரையில சைக்கிள் போகும், எதுல போகாதுன்னு தெரிஞ்சவன் நான்னு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு அன்னைக்கு மத்தியானம் என்ன ஆச்சுங்கறதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன். அதுக்கு முன்னாடி இந்தப் போட்டி எங்க இருந்து வந்துச்சு, வரைபடம் எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். இல்லாட்டி நான் பட்ட வெட்கம் உங்களுக்குப் புரியாது.

போட்டி இப்படித்தான். கிளம்பும்போது கையில ஒரு வரைபடம் கொடுப்பாங்க. அதுல 20 இடம் வட்டம் போட்டிருக்கும். தூரத்துல இருக்கற இடத்துக்கு 30 மதிப்பெண், பக்கத்துல இருந்தா 10. மூணு மணி நேரத்துக்குள்ள எத்தனை இடம் முடியுமோ அத்தனைக்குப் போய், அங்க கேட்டிருக்கிற ஒரு கேள்விக்குப் பதில் எழுதிட்டுத் திரும்பணும். மடையில எத்தனை கண்ணு, மைல்கல்லுல என்ன எண்ணுன்னு கேள்வி இருக்கும். நேரில போனாத்தான் பதில் தெரியும். நேரம் தாண்டினா நிமிசத்துக்கு இவ்வளவுன்னு கழிச்சிருவாங்க. போனைப் பையில போட்டு மூடிறணும். எந்த இடம் முதல்ல, எந்த வழியாங்கறதெல்லாம் நம்ம இஷ்டம்.

இதுக்கு 'ஓரியண்டீரிங்'னு பேரு. சுவீடன் ராணுவத்துல பிறந்த விளையாட்டு. வரைபடமும் திசைகாட்டியும் வச்சுக்கிட்டுத் தெரியாத காட்டைக் கடக்கிற பயிற்சிக்கு 1886-இல் அந்த நாட்டு ராணுவக் கல்லூரியில் இந்தப் பெயரை வச்சாங்க. பொதுமக்களும் கலந்துக்கிட்ட முதல் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று நார்வேயில், இன்றைய ஓஸ்லோ நகரத்துப் பக்கம் நடந்தது. முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம், எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்கிற சுவீடன் ராணுவ அதிகாரி, இளவட்டங்களுக்கு ஓட்டப் பந்தயத்துல ஆர்வம் குறையறதைப் பார்த்துட்டு, ஓட்டத்தோட வழி தேடறதையும் சேர்த்துவிட்டார். 1919-இல் ஸ்டாக்ஹோம் பக்கத்துல அவர் நடத்தின போட்டிக்கு 200-க்கும் மேற்பட்டவர்கள் வந்தாங்க. 1961-இல் சர்வதேசச் சம்மேளனம் வந்தது. ஓட்டம், பனிச்சறுக்கு எல்லாம் போய்க் கடைசியில சைக்கிளுக்கும் வந்தது. சைக்கிள் ஓரியண்டீரிங்கில் முதல் உலகப் போட்டி 2002-இல் பிரான்சில் நடந்தது.

சைக்கிள் போட்டிக்கான வரைபடத்துல ஒரு விசேஷம் உண்டு. ஓடறவனுக்கு மேடு பள்ளம், பாறை, புதர் எல்லாம் வேணும். சைக்கிள்காரனுக்குப் பாதைதான் முக்கியம். அதனால பாதையைத் தரம் பிரிச்சு வரைவாங்க: வேகமாப் போகலாம், மெதுவாப் போகலாம், தட்டுத்தடுமாறிப் போகலாம், தள்ளிக்கிட்டுத்தான் போகணும். தரத்துக்குத் தகுந்த மாதிரிக் கோடும் மாறும். ஹேண்டில்பார் மேல சுத்தற மாதிரி ஒரு பலகையை மாட்டி அதுல வரைபடத்தைச் செருகிக்குவாங்க. வண்டி திரும்பத் திரும்பப் பலகையையும் திருப்பிக்கலாம். மருமகன் அட்டையையும் ரப்பர் பேண்டையும் வச்சு அப்படி ஒண்ணு செஞ்சிருந்தான்.

நம்ம பக்கத்துல வழி எழுதி வைக்கிறது வரைபடத்துக்கு முந்தியே இருந்தது. திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடின திருக்குற்றாலக் குறவஞ்சியில, குருவி பிடிக்க வர்ற சிங்கனும் நூவனும் எந்தெந்த வயல்ல பறவை மேயுதுன்னு ஊரையும் பத்தையும் பேர் பேராச் சொல்லிக்கிட்டு வருவாங்க. பள்ளிக்கூடத்துல படிச்சப்ப அது வெறும் பாட்டு. விவசாயம் பார்க்க வந்தப்பறம்தான், அது குற்றாலத்தைச் சுத்தின நிலத்தோட கணக்குன்னு விளங்குச்சு. அப்பறம் சிங்கன் சிங்கியைக் காணாமத் தேடி அலைவான். தேடறவனுக்கு ஊர்ப் பேரு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். காகிதம் வேண்டியதில்லை.

காகிதத்துல வந்தது வெள்ளைக்காரன் காலத்துல. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை அளக்க ஆரம்பிச்சார். அந்த ஒரு கோட்டை வச்சு முக்கோணம் முக்கோணமாத் தெற்கே இறங்கி, 1809 வாக்கில் நம்ம திருநெல்வேலிச் சீமையின் தென்கோடி வரைக்கும் வந்துட்டார். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஆளுங்க தூக்கிக்கிட்டு வருவாங்க. மலை இல்லாத சமவெளியில கோயில் கோபுரத்து மேல ஏத்தித்தான் பார்ப்பாங்க. 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல ஏத்தும்போது கயிறு அறுந்து கருவி மோதி நெளிஞ்சு, அதைச் சரி பண்ண வாரக்கணக்கில் ஆச்சுன்னு வரலாறு.

தென்காசிக்கு ஒரு தனி நிலவரம். தென்காசி கம்பெனி ஆட்சியில, திருநெல்வேலி ஜில்லாவுல இருந்தது. எட்டு கிலோமீட்டர் மேற்கே செங்கோட்டை, திருவிதாங்கூர் மகாராஜா சீமை. அந்தப் பக்கத்தை 1816-இல் இருந்து 1820 வரை வார்டு, கானர்னு ரெண்டு ராணுவ அதிகாரிகள் அளந்து, ஊர், ஆறு, பாதை எல்லாத்தையும் எழுதி வச்சாங்க. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலம் பிரிக்கிற வரைக்கும் செங்கோட்டை அந்தப் பக்கம்தான். எங்க தாத்தா செங்கோட்டைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போறதை "திருவாங்கூருக்குப் போறேன்"னுதான் சொல்வாராம். அப்பறம் ரெண்டும் திருநெல்வேலி மாவட்டத்துலயே இருந்து, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானப்ப அந்தப் புது மாவட்டத்துக்குள்ள வந்துட்டுது.

இதெல்லாம் பெரிய வரைபடம். விவசாயிக்குச் சம்பந்தப்பட்டது சின்ன வரைபடம். தீர்வை வசூலிக்கணும்னா எந்த நிலம் யாருது, எவ்வளவுன்னு தெரியணும். அதுக்காக ஒவ்வொரு வயலையும் சங்கிலி போட்டு அளந்தாங்க. ஒரு சங்கிலி 66 அடி. அதுல 100 லிங்ஸ். நீளம் பத்துச் சங்கிலி, அகலம் ஒரு சங்கிலி இருந்தா ஒரு ஏக்கர். மூலைக்கு மூலை கல்லு நட்டு, சர்வே எண் போட்டு, ஒரு எண்ணுக்கு ஒரு தாள்னு வரைஞ்சு வச்சதுதான் புலப்படம். எஃப்.எம்.பி.ன்னு சொல்றோமே, அது. யாருக்கும் பட்டா இல்லாத இடம் வரிக் கணக்குக்குப் புறம்பே போனதால அதுக்குப் பேரு புறம்போக்கு. குளம், கால்வாய், களம், சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் அதுல அடங்கும். வரி வராட்டியும் அதையும் விடாம அளந்து, அதுக்கும் ஒரு எண் கொடுத்துட்டுத்தான் போனாங்க. இந்த விசயத்தை மனசுல வச்சுக்கோங்க.

சைக்கிள் நம்ம ஊருக்கு வந்தது எல்லாத்துக்கும் பிந்தி. 1949-இல் சென்னையில டி.ஐ. கம்பெனி தொடங்கி, அம்பத்தூர் ஆலையில இருந்து ஹெர்குலிஸ் வண்டி ஊர் ஊராப் போனப்பறமும், சொந்தச் சைக்கிள் இருந்தா அவரு பெரிய ஆளு. எங்களுக்கு வாடகை சைக்கிள் கடைதான். மணிக்கு இவ்வளவுன்னு அரை வண்டி எடுத்து, அது கிடைக்காட்டிப் பெரிய வண்டியில குரங்கு பெடல் போட்டுப் பழகினவங்க நாங்க. சைக்கிள் வர்றதுக்கு முந்தி எங்க அப்பா காலத்துல பக்கத்து ஊருன்னா ஒரு நாள் வேலை. சைக்கிள் வந்ததும் காலையில போய்ட்டு வந்து பழையது குடிக்கலாம்.

ஆனா அது ஆம்பளைங்களுக்கு. பொம்பளைப் பிள்ளைங்க சைக்கிள்ல போனா ஊரே திரும்பிப் பார்த்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கு. 1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்துச் சைக்கிளும் கத்துக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினாங்க. குவாரி வேலைக்குப் போறவங்க, பூ விக்கிறவங்க, விவசாயக் கூலிங்க எல்லாரும். அப்பறம் அரசாங்கம் பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது. 2001-02 வாக்கில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கினது, 2005-06-இல் இருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஆச்சு. இன்னைக்கு எங்க ஊர்ல காலை எட்டு மணிக்கு ரோட்டுல நின்னா வரிசையாப் போறது பூரா அந்த வண்டிதான்.

சரி, போட்டிக்கு வருவோம். காலை ஏழு மணி, தென்காசி. சாரல் விட்டு விட்டு அடிக்குது. நாப்பது அணி இருக்கும். கியர் வண்டிக்காரங்க நடுவுல என் பழைய ஹெர்குலிஸ். வரைபடத்தைக் கொடுத்தாங்க. இலஞ்சி, ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம்னு விரிஞ்சு கிடக்குது. சீசன் கூட்டத்துக்குப் பயந்து குற்றாலத்து அருவிப் பக்கம் ஒரு இடம்கூட வைக்கல. வரைஞ்சவர் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருத்தர். புதுசா இருக்கற ரோட்டோட, பழைய கிராம வரைபடத்துல இருந்த பாதைகளையும் புள்ளிக் கோடாப் போட்டிருந்தார். "புள்ளிக்கோடு பழைய பாதை. இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இல்ல. நம்பறது உங்க பொறுப்பு"ன்னு சொல்லித்தான் அனுப்பினார்.

மருமகன் பக்கத்துல இருக்கறதை முதல்ல எடுப்போம்னான். நான் விடல. "ஏலே, இது ஆனி கடைசி. மேகாத்து நேரம் ஆக ஆகக் கூடும். கிழக்கே இருக்கறதை முதல்ல முடிச்சிட்டு வெயிலுக்கு முன்னாடித் திரும்பணும். பதினொரு மணிக்குச் சுந்தரபாண்டியபுரத்துல இருந்து மேக்கே மிதிக்கறவன் மனுசனே இல்ல." செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து அது. அதை நம்பித்தான் கிழக்கே காத்தாடி நட்டு வச்சிருக்கான். சொன்னது பலிச்சது. போகும்போது காத்தே தள்ளிவிட்டுது. சூரியகாந்தி வயல் ஓரத்துல ஒரு மைல்கல், குளத்து மடை ஒண்ணு, ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல்லு. வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொம்பளை ஞாபகமா நடற கல்லு அது. தலைச்சுமையை இறக்கி வைக்க ஆளில்லாம எத்தனை வருசமா அது சும்மா நிக்கிதோ! ஒன்றரை மணி நேரத்துல 11 இடம் முடிச்சிட்டோம். கியர் வண்டிக்காரங்க எதிர்க்காத்துல தலையைக் குனிஞ்சு மிதிச்சுக்கிட்டு எதிர வந்தாங்க. எனக்குத் தலைகால் புரியல.

பதினாலாம் எண் எங்க ஊர்க் குளத்து மறுகால். 30 மதிப்பெண். நாங்க நின்ன இடத்துல இருந்து வரைபடத்துல புள்ளிக்கோடு ஒண்ணு நேராப் போகுது. மருமகன் கேட்டான்:

"மாமா, இந்த வழியாப் போனா ஒரு கிலோமீட்டர்தான். ரோட்டைச் சுத்தினா மூணுக்கு மேல."

"அப்படி ஒரு பாதையே கிடையாதுடே. சர்வேயர் தூக்கத்துல வரைஞ்சிருக்கார். இது என் ஊரு, எனக்குத் தெரியாதா?"

சுத்தித்தான் போனோம். கேரளாவுக்குப் போற லாரி ஒண்ணு உரசின மாதிரிப் போச்சு. அந்தச் சவம் புடிச்ச எதிர்க்காத்துல இருபது நிமிசம் போச்சு. மறுகாலுக்குப் போய்ச் சேர்ந்தா, எங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு காலேஜ் பிள்ளைங்க சேறும் சகதியுமா நிக்குதுங்க. புள்ளிக்கோட்டை நம்பிப் போயிருக்காங்க. "பாதி தூரம் நல்லாத்தான் அங்கிள் போச்சு. அப்பறம் கம்பி வேலி. சைக்கிளைத் தூக்கிப் போட்டு வரப்புல வந்தோம்"னு சொல்லிச்சு ஒரு பிள்ளை.

கல்தூண் நட்டு, முள்கம்பி போட்டு, நாலு வரிசை. எனக்குத் தெரியும். அந்தக் கம்பியை நான்தான் கட்டினேன்.

நேரம் தாண்டி வந்து, கழிச்சது போக எட்டாவது இடம். மருமகன் ஒண்ணும் சொல்லல. டீ குடிச்சிட்டிருக்கும்போது சர்வேயர்கிட்டப் போனேன். ஏதோ கோபம்தான். "அண்ணாச்சி, பதினாலுக்குப் போற பாதை எந்தக் கணக்குல போட்டீங்க?"ன்னு கேட்டேன். அவர் கோபப்படல. பையில இருந்து பழைய புலப்பட நகல் ஒண்ணை எடுத்து விரிச்சார். எங்க சர்வே எண். அதுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல ரெண்டு இணைகோடு. நடுவுல 'வண்டிப்பாதை'ன்னு எழுதியிருக்கு. அகலம் 20 லிங்ஸ், பதிமூணு அடி சொச்சம். ரெண்டு மாட்டு வண்டி எதிரும் புதிருமா ஒதுங்கிப் போகலாம். 'அ' பதிவேட்டுல அது அரசு புறம்போக்கு.

"வண்டி போகாட்டியும் பாதை செத்துறாது அண்ணாச்சி. பேப்பர்ல உயிரோடதான் இருக்கும்"னு சொல்லிட்டு மடிச்சு வச்சிட்டார்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துச்சு. சின்னப்பிள்ளையில அந்தப் பாதையில அறுப்புக் காலத்துல கதிர்க்கட்டு வண்டி போகும். பின்னாடி தொங்கிக்கிட்டு வருவோம். 1980-கள்ல மாட்டு வண்டி குறைஞ்சது. டிராக்டர் மெயின் ரோடு வழியா வந்தது. பாதையில கருவை முளைச்சது. அப்பா ஒரு வருசம் கருவையை வெட்டிட்டு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதார். அடுத்த வருசம் இன்னொரு சால். எதிர்ப்பக்கத்துக்காரரும் அதைத்தான் செஞ்சார். ரெண்டு பக்கமும் சேர்ந்து பாதையைத் தின்னு முடிச்சோம். பாகம் பிரிச்சப்ப ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி தம்பிக்கு வந்தது. ஆறு வருசத்துக்கு முன்னாடி பன்னி இறங்குதுன்னு நான் வேலி போட்டேன். அது பாதைங்கறதே மறந்துபோச்சு. மறந்துபோச்சுன்னு சொல்றதுகூட முழு உண்மை இல்ல. ஞாபகம் வராம இருக்கறது வசதியா இருந்தது.

கணக்குப் போட்டா எங்களுக்குக் கிடைச்சது எட்டுச் சென்ட் இருக்கும். பூவுக்கு ஒண்ணு, ஒண்ணரை மூட்டை நெல்லு. அதுக்கு இந்தப் பக்கம் என்ன விலைன்னு மறுநாள் காலையில பார்த்தேன். குளத்துக்கு அந்தாண்ட இருக்கற காலனிப் பிள்ளைங்க, அரசாங்கம் கொடுத்த சைக்கிள்ல, பள்ளிக்கூடத்துக்கு மெயின் ரோட்டைச் சுத்திப் போகுதுங்க. லாரி போற ரோடு. முந்தின நாள் நான் பயந்து ஒதுங்கின அதே இடம். ஒரு நாளைக்கு ஒருவாட்டி சுத்தினதுக்கே நான் அண்ணாச்சிகிட்டச் சண்டைக்குப் போனேன். அதுங்க தினம் ரெண்டு தடவை சுத்துதுங்க. யாருகிட்டயும் சண்டைக்கு வரல. ஏன்னா அங்க ஒரு பாதை இருந்ததே அதுங்களுக்குத் தெரியாது.

நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இலேயே வந்தது. யாராவது மனு கொடுத்தா அளந்து, நோட்டீசு விட்டு எடுப்பாங்க. மனு கொடுக்க, இருந்தது என்னன்னு தெரிஞ்ச ஆளு வேணும். தெரிஞ்சவங்க நாங்க ரெண்டு குடும்பம். நாங்க எதுக்கு மனு கொடுக்கப் போறோம்?

ஆடி பிறந்ததும் பணம் கட்டி நிலத்தை அளக்க மனு போட்டேன். அளந்து கல்லு காட்டினாங்க. பழைய கல்லுல ஒண்ணு என் வேலித் தூணுக்கு அடியிலேயே புதைஞ்சு கிடந்தது. என் பக்கத்துக் கம்பியைச் சுருட்டி, தூணைப் பிடுங்கிட்டேன். நட்டிருந்த நாத்துல ரெண்டு வரிசை போச்சு. தம்பி பேசறதில்ல. "ஊர்ல எல்லாவனும் வச்சிருக்கான், நீ மட்டும் என்ன பெரிய யோக்கியனா"ன்னு கேட்டான். யோக்கியன் இல்ல, எட்டாவது இடத்துக்கு வந்தவன்னு சொன்னேன். அவனுக்குப் புரியல. எதிர்ப்பக்கத்துக்காரர் யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்.

இப்போதைக்குப் பாதி பாதை திறந்திருக்கு. மீதிக்கு வரப்பு. போன வாரம் ரெண்டு பிள்ளைங்க என் பக்கத்துல மிதிச்சு வந்து, தம்பி வயல் கிட்ட இறங்கி, வரப்புல சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போச்சுங்க. அந்தப் போட்டி வரைபடத்துல அதுக்குன்னு தனிக் கோடே உண்டு: தள்ளிக்கிட்டுத்தான் போகணும். அடுத்த சீசனுக்குள்ள அந்தக் கோட்டை மாத்தி வரைய வைக்கணும். தம்பிகிட்டப் பேசிப் பார்க்க எங்க அம்மாவை அனுப்பியிருக்கேன்.